கூலி கொடுப்பவர் யார்?

எண்கணிதம் கற்பிக்கும் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றைச் சிறுவர்களுக்கென ஆக்கிய என் பழைய மாணவன் ஒருவன், சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்தான். "செயலி முடிந்துவிட்டது, சேர். இனி இதிலிருந்து பணம் எப்படி வரும்?" என்பது அவன் கேள்வி. வீட்டைக் கட்டி முடித்தபின் வாசலை எங்கே வைப்பது என்று கேட்டது போலிருந்தது எனக்கு.

செயலியால் வருவாய் பெறும் வழிகள் பெரும்பாலும் நான்கேயாம். விலை குறித்து விற்றல் ஒன்று; இலவசமாகக் கொடுத்து விளம்பரகாரரிடம் பணம் பெறுதல் மற்றொன்று; இலவசமாகக் கொடுத்துச் சிறப்பு வசதிகளுக்கு மட்டும் விலை கேட்டல் மூன்றாவது; மாதந்தோறுமோ ஆண்டுதோறுமோ சந்தா வாங்குதல் நான்காவது. 2008 யூலையில் அப்பிள் நிறுவனம் தன் செயலிக் கடையைத் திறந்தபோது, விற்பனையில் 30 வீதத்தைத் தான் எடுத்துக்கொண்டு எஞ்சியதையே ஆக்கியோனுக்கு அளித்தது. 2021 தொடக்கம், ஆண்டு வருவாய் பத்து லட்சம் டொலரை மேற்படாத சிறு ஆக்குநர்களுக்கு அப்பங்கு 15 வீதமாகக் குறைக்கப்பட்டது. கணக்குப் போடுவோர் இதனை மறத்தலாகாது.

ஆயினும் இதனினும் பெரிய கணக்கொன்று உண்டு. நம்மிற் பலர் நாள்தோறும் கையாளும் வாட்ஸ்அப்பின் வரலாறு அதனை விளக்கும். யாகூ நிறுவனத்திற் பணியாற்றி விலகிய ஜான் கூம், பிரயன் அக்டன் ஆகிய இருவரும் 2009 இல் அதனைத் தொடங்கினர். விளம்பரம் அவர்களுக்கு அறவே ஆகாது. முதலாண்டு இலவசம், பின்னர் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு டொலர் சந்தா என்னும் முறையைக் கைக்கொண்டனர். பயன்படுத்துவோனே கூலி கொடுத்தான்; ஆதலின் அவனே எசமானாயிருந்தான்.

2014 இல் பேஸ்புக் நிறுவனம் 1,900 கோடி டொலருக்கு அதனை வாங்க உடன்பட்டது. 2016 சனவரியிற் சந்தா நீக்கப்பட்டது. இலவசம் என்றால் மகிழாதார் யார்? ஆனால் கூலி மறைந்துவிடவில்லை, கொடுப்பவரே மாறினர். 2017 இல் அக்டனும் 2018 இல் கூமும் வெளியேறினர். அதே 2018 இல், வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும் பெருவணிகரிடம் கட்டணம் அறவிடும் முறை வந்தது. 2025 யூனில், செயலியின் ஒரு பகுதியில் விளம்பரங்கள் இடம்பெறும் என்றும், தனிப்பட்ட உரையாடல்களுக்குள் அவை வாரா என்றும் அறிவிக்கப்பட்டது.

இதனை மாணவனுக்கு எடுத்துக் கூறினேன். விளம்பரத்தால் ஒருமுறைக்குக் கிடைப்பது அற்பம். ஆகவே பெருந்திரளான மக்கள் வேண்டும், அவர்கள் நெடுநேரம் தங்கவும் வேண்டும். கணக்கை விரைவாகச் செய்து முடித்து விளையாட ஓடும் பிள்ளை பெற்றோருக்கு இலாபம், விளம்பரகாரருக்கு நட்டம். ஒரே பிள்ளையை வைத்து இரண்டு எசமானருக்கும் ஊழியஞ் செய்ய இயலுமா? முதற் பாடங்களை இலவசமாக்கி, மற்றவற்றுக்குப் பெற்றோரிடம் மிதமான விலை கேட்பதே பொருத்தம் என்றேன்.

"ஆட்கள் குறைந்துவிடுவார்களே, சேர்?" என்றான்.

"குறைவார்கள். ஆனால் எஞ்சியிருப்போர் உன்னிடம் கேட்கப்போவது நல்ல பாடத்தையே. அதைக் கொடுக்கத்தானே நீ தொடங்கினாய்?"

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், விளம்பரத்துக்கென ஏற்கெனவே ஒதுக்கியிருந்த இடங்களைத் தொலைபேசியிற் காட்டி, அவற்றை நீக்க எத்தனை நாட் செல்லும் என்று எண்ணத் தொடங்கினான்.