ஒரு பகலில் மூன்று ஊர்கள்: சுற்றுலாச் சந்தையின் கணக்கு

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் சில நாள்கள் தங்குவோர், அவற்றில் ஒரு நாளைச் சுற்றுப்புற ஊர்களுக்கென ஒதுக்குவது வழக்கம். டஸ்கனி மாநிலத்தின் தலைநகரான அந்நகரிலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடும் தொலைவில் சியெனா, பீசா, லூக்கா, சான் ஜிமிஞானோ போன்ற பழைமை மாறாத ஊர்கள் உள்ளன. பீசாவின் பேராலயச் சதுக்கம் 1987-இலும், சான் ஜிமிஞானோ 1990-இலும், சியெனா 1995-இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. புளோரன்ஸின் பழைய நகரப் பகுதி அதற்கும் முன்பே, 1982-இல், அப்பட்டியலில் சேர்ந்துவிட்டது.

ஐரோப்பாவில் பணிபுரியும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் ஊர்ப் பெற்றோர்களும் இன்று இந்நகரங்களுக்குச் செல்கின்றனர். அவர்களில் பலருக்கு அது வாழ்வில் ஒருமுறை மட்டுமே வாய்க்கும் பயணம். வழிகாட்டியுடன் கூடிய ஒரு நாள் சுற்றுலாவைத் தேடினால், கைப்பேசித் திரையில் நூற்றுக்கணக்கான அறிவிப்புகள் வந்து நிற்கும். 'ஒரே நாளில் சியெனா, சான் ஜிமிஞானோ, பீசா; இடையில் திராட்சைத் தோட்டத்தில் மதிய உணவு' என்பதே அவற்றில் மிகவும் கவர்ச்சியானது. ஒரு விலைக்கு மூன்று ஊர்கள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

இந்த ஏற்பாட்டைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். புளோரன்ஸிலிருந்து சியெனா ஏறத்தாழ 75 கி.மீ.; அங்கிருந்து சான் ஜிமிஞானோ சுமார் 45 கி.மீ.; அங்கிருந்து பீசா சுமார் 80 கி.மீ.; பீசாவிலிருந்து புளோரன்ஸ் திரும்ப சுமார் 85 கி.மீ. குன்றுகளுக்கிடையே வளைந்து செல்லும் சாலைகளையும் கருத்தில் கொண்டால், பேருந்தில் அமர்ந்திருக்கும் நேரம் மட்டுமே சுமார் 5 மணி நேரம் ஆகும். மதிய உணவுக்கும் திராட்சை மது சுவைத்தலுக்கும் ஒன்றரை மணி நேரம் எனக் கொள்வோம். இவ்வூர்களின் பழைய வீதிகளுக்குள் பெரிய பேருந்துகள் நுழைய முடியாது. வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். 50 பேர் இறங்க வேண்டும். பின்னர் ஒருவர் விடாமல் கூடி ஏற வேண்டும். மூன்று ஊர்களிலும் இதற்கு மொத்தம் ஒரு மணி நேரமாவது கழியும். 12 மணி நேரப் பயணத்தில் எஞ்சுவது நான்கரை மணி நேரம். ஊர் ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம்.

சுற்றுலாவின் கட்டணம் 100 யூரோ என்று வைத்துக்கொண்டால், ஊருக்குள் நாம் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 22 யூரோ கொடுக்கிறோம். இதற்கு மாற்று என்ன? புளோரன்ஸின் மைய ரயில் நிலையமான சாந்தா மரியா நொவெல்லாவுக்கு அருகிலிருந்து சியெனாவுக்குப் பேருந்து உண்டு. பயண நேரம் ஒன்றே கால் மணி முதல் ஒன்றரை மணி வரை. போய்வரச் சுமார் 20 யூரோ. காலை 8 மணிக்குப் புறப்பட்டு மாலை 7 மணிக்குத் திரும்பினால், உணவு நேரம் போக, ஊரைப் பார்க்க 7 மணி நேரம் கிடைக்கும். அங்கேயே உள்ளூர் வழிகாட்டி ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு நான்கு பேர் சேர்ந்து அமர்த்தி, தலைக்கு 40 யூரோ கொடுத்ததாகக் கொள்வோம். உணவுக்கும் நுழைவுச்சீட்டுக்கும் மேலும் 30 யூரோ. மொத்தம் 90 யூரோ. அப்போதும் மணிக்கு 13 யூரோவைத் தாண்டவில்லை.

இங்கே பொருளியல் மாணவர் ஒருவர் குறுக்கிடலாம். 'எந்தப் பொருளும் நுகர நுகரப் பயன் குறையும் என்று சொல்லித் தந்தீர்களே? ஒரே ஊரின் ஏழாவது மணி நேரத்தைவிட, மூன்றாவது ஊரின் முதல் மணி நேரம் மதிப்பு மிக்கதல்லவா?' நியாயமான கேள்வி. ஆனால் பழைய நகரங்களில் முதல் மணி நேரம் திசை தெரிந்துகொள்வதிலும், கூட்டத்தைக் கடப்பதிலும், நிழற்படம் எடுப்பதிலும் கரைந்துவிடுகிறது. பயன் அதன் பிறகே உயரத் தொடங்குகிறது. குறையத் தொடங்குவது வெகுநேரம் கழித்து. மூன்று ஊர்ச் சுற்றுலாவில், ஒவ்வோர் ஊரிலும் பயன் உயரத் தொடங்கும் தறுவாயில் பேருந்து புறப்பட்டுவிடும்.

சியெனாவையே எடுத்துக்கொள்வோம். அதன் நடுவில் உள்ள காம்போ சதுக்கத்தை எல்லோரும் பார்ப்பர். ஆண்டுதோறும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாள்களில் பாலியோ குதிரைப் பந்தயம் நடக்கும் இடம் அது. அதே சதுக்கத்தில் உள்ள நகர மன்ற மாளிகைக்குள், அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1338-39-இல் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. நல்லாட்சி நடந்தால் நகரமும் நாட்டுப்புறமும் எப்படியிருக்கும், கொடுங்கோலாட்சியில் என்னவாகும் என்பதே அவற்றின் பொருள். கடைகள், கைவினைஞர்கள், வீடு கட்டுவோர், சரக்கேற்றிய கழுதைகள், உழவர்கள் என ஓர் ஊரின் பொருளாதாரமே அங்கு சுவரில் விரிகிறது. 1472-இல் தொடங்கி இன்றும் இயங்கிவரும் மோந்தே தேய் பாஸ்கி வங்கியும் இவ்வூரில் பிறந்ததுதான். ஒன்றரை மணி நேரத்தில் இவற்றுள் எதை உணர்ந்து திரும்ப முடியும்?

அப்படியிருந்தும் மூன்று ஊர்ச் சுற்றுலாக்களே சந்தையில் மிகுந்திருப்பது ஏன்? இதற்கான விடையை 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில் காணலாம். பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவர் விளக்கினார்: பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்தால், தரமான பொருளுக்கு உரிய விலை கிடைக்காது, நாளடைவில் அது சந்தையைவிட்டே விலகும். 2001-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசை அவர் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

சுற்றுலாவுக்கும் இது பொருந்துகிறது. ஊர்களின் எண்ணிக்கை அறிவிப்பில் பளிச்செனத் தெரிகிறது. ஊருக்குள் கிடைக்கும் நேரம் தெரிவதில்லை. 'சியெனா மட்டும், முழு நாள்' என்று நேர்மையாக விற்பவரின் அறிவிப்பு, அதே விலையில் மூன்று ஊர்கள் தருபவரின் அறிவிப்புக்குப் பக்கத்தில் ஏழ்மையாகத் தோன்றுகிறது. போட்டி, கண்ணுக்குத் தெரியும் அம்சத்திலேயே நடக்கிறது. நட்சத்திர மதிப்பீடுகளும் இக்குறையை முழுமையாகத் தீர்ப்பதில்லை. பயணி தாம் கண்டதற்கு மதிப்பெண் தருகிறார். காணாமல் விட்டதற்கு மதிப்பெண் தர அவரால் இயலாது. ஆகவே வழிகாட்டியின் நகைச்சுவைக்கும் ஓட்டுநரின் நேரந்தவறாமைக்கும் ஐந்து நட்சத்திரங்கள் விழுகின்றன.

வழிகாட்டி என்ற சொல்லிலும் கவனம் தேவை. இத்தாலியச் சட்டம் இரண்டு தொழில்களைப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று, நினைவுச் சின்னங்களையும் அருங்காட்சியகங்களையும் விளக்கும் உரிமம் பெற்ற வழிகாட்டி. மற்றொன்று, குழுவை அழைத்துச் சென்று பயண ஏற்பாடுகளைக் கவனிக்கும் உடன்வருநர். 2023 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், வழிகாட்டிகளுக்கு நாடு தழுவிய தேர்வையும் தேசியப் பட்டியலையும் ஏற்படுத்தியது. பேருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்து இனிமையாகப் பேசுபவர், ஊரில் இறங்கியதும் 'ஒன்றரை மணி நேரத்தில் இங்கே வந்துவிடுங்கள்' என்று சொல்லிவிட்டு நின்றால், அவர் உடன்வருநராகவே இருக்கக்கூடும். அதில் தவறேதும் இல்லை. வழிகாட்டிக்கான விலையைக் கொடுத்திருந்தால்தான் நமக்கு நட்டம்.

சட்டப் பாதுகாப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சுற்றுலா நெறிமுறை பயணிகளுக்குப் பல உரிமைகளைத் தருகிறது. ஆனால் 24 மணி நேரத்துக்கும் குறைவான, இரவுத் தங்கல் இல்லாத பயணங்கள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. இணையவழியில் வாங்கியவற்றை 14 நாள்களுக்குள் திருப்பித் தரும் உரிமையும், குறிப்பிட்ட நாளில் நடைபெறும் பொழுதுபோக்குச் சேவைகளுக்கு இல்லை. எனவே, ரத்து செய்தால் பணம் திரும்புமா, மழையிலோ வேலைநிறுத்தத்திலோ பயணம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் விற்பவரின் நிபந்தனைகளே பெரிதும் துணை. பணம் செலுத்துமுன் அவற்றைப் படிக்க வேண்டியது அவசியம்.

இதனால் வழிகாட்டிச் சுற்றுலாவே வீண் என்று பொருள் கொள்ள வேண்டாம். ரயில் எளிதில் செல்லாத இடங்களில் அது தன் விலைக்கு உரிய பயனைத் தருகிறது. 14 கோபுரங்கள் இன்றும் எஞ்சி நிற்கும் சான் ஜிமிஞானோவில் ரயில் நிலையம் இல்லை. போஜ்ஜிபோன்சி வரை சென்று பேருந்து மாற வேண்டும். கியாந்தி குன்றுகளின் திராட்சைத் தோட்டங்களையும், 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஓர்ச்சா பள்ளத்தாக்கையும் சொந்த வாகனம் இல்லாமல் ஒரு பகலில் காண்பது கடினம். இங்கெல்லாம் எட்டுப் பேர் செல்லும் சிறிய வாகனச் சுற்றுலா, விலை சற்றுக் கூடினாலும், சிறந்த தேர்வு. முழங்கால் வலி உள்ள முதியோருக்கும், அயல்மொழி நாட்டில் வண்டி மாறத் தயங்குவோருக்கும் இத்தகைய ஏற்பாட்டின் மதிப்பு இன்னும் அதிகம். அந்த மன நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பது வீண்செலவாகாது.

மாறாக, பீசாவுக்கும் லூக்காவுக்கும் புளோரன்ஸிலிருந்து நேரடி ரயில்கள் உள்ளன. பீசாவுக்கு ஒரு மணி நேர அளவிலான பயணம். கட்டணம் சுமார் 10 யூரோ. வட்டார ரயில்களில் முன்பதிவுக்கு ஏற்ப விலை ஏறி இறங்குவதில்லை. காகிதப் பயணச்சீட்டை மட்டும் ஏறுமுன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். 1173-இல் கட்டத் தொடங்கிய சாய்ந்த கோபுரம், பாதுகாப்புக் கருதி 1990-இல் மூடப்பட்டு, சீரமைப்புக்குப் பின் 2001-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதில் ஏற நேரம் குறித்த நுழைவுச்சீட்டு வேண்டும். எட்டு வயது நிறையாத குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. சுற்றுலா அறிவிப்பில் 'பீசா' என்று இருந்தால், கோபுரத்தில் ஏறுவதா, வெளியே நின்று பார்ப்பதா என்று கேட்டறிய வேண்டும்.

கடலோரத்து ஐந்து சிற்றூர்களான சிங்க்வே தெர்ரேவுக்கும் ஒரு நாள் சுற்றுலாக்கள் ஏராளம். புளோரன்ஸிலிருந்து அங்கு செல்லவே இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். ஐந்து ஊர்களையும் சில நிமிட இடைவெளியில் ரயில் இணைக்கிறது. அவற்றில் ஒன்றான கொர்னீலியாவுக்கு நிலையத்திலிருந்து 370-க்கும் மேற்பட்ட படிகள். இயன்றவர்கள் அருகிலுள்ள லா ஸ்பேசியாவில் ஓரிரவு தங்கிப் பார்ப்பதே நலம்.

தங்கிப் பார்ப்பதில் ஊராரின் நலனும் அடங்கியிருக்கிறது. பகலில் வந்து மாலையில் திரும்பும் கூட்டம் வீதிகளை நிறைக்கிறது, குப்பையை விட்டுச் செல்கிறது. ஊருக்குள் செலவிடுவதோ குறைவு. அந்தச் சுமையைப் பொருளியலில் புறச்செலவு என்போம். தங்கும் பயணி விடுதியின் வழியாக நகராட்சிக்கு வரி செலுத்துகிறார். பகல் பயணி அதைச் செலுத்துவதில்லை. இதனால்தான் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகும் குறிப்பிட்ட நாள்களில் பகல் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் பெறத் தொடங்கியது. 2025-இல் கடைசி நேரத்தில் பதிவு செய்வோருக்கு அது 10 யூரோவானது. டஸ்கனியின் சிற்றூர்களில் ஓர் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்தி, ஊருக்குள்ளேயே மதிய உணவு உண்பவர், அந்தச் சுமையின் ஒரு பகுதியையேனும் ஈடுசெய்கிறார்.

பணம் செலுத்துமுன் விற்பவரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். ஒவ்வோர் ஊரிலும் பேருந்தைவிட்டு இறங்கியது முதல் ஏறுவது வரை எத்தனை மணி நேரம்? உரிமம் பெற்ற வழிகாட்டி எந்த ஊரில், எவ்வளவு நேரம் உடன் நடப்பார்? கட்டணத்தில் எந்தெந்த நுழைவுச்சீட்டுகள் அடங்கும், எந்தக் கடைகளில் வண்டி நிற்கும்? எத்தனை பேர் கொண்ட குழு? இவற்றுக்குத் தெளிவான விடை தருபவரை நம்பலாம். சைவ உணவு வேண்டுவோர் அதையும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பது நல்லது. நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சிக்கனம் உண்டு: புளோரன்ஸின் உஃபிஸி கலைக்கூடமும், மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை உள்ள அகாதெமியாவும் திங்கள்கிழமைகளில் மூடியிருக்கும். வெளியூர்ப் பயணத்தை அந்நாளில் வைத்துக்கொண்டால் இழப்பு குறையும்.

எந்தத் தேர்வின் உண்மையான விலையும் அதற்காக நாம் கைவிடும் மற்றொன்றுதான் என்பது பொருளியலின் பாலபாடம். அயல்நாட்டில் ஒரு பகல் என்பது, செலவழித்தால் மீண்டும் ஈட்ட முடியாத மூலதனம். அதை மூன்று ஊர்களின் வாகன நிறுத்தங்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதைவிட, ஓர் ஊரின் வீதிகளில் நிதானமாகச் செலவிடுவதே ஆதாயம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).