பிலிப்பைன் கழுகு

பிலிப்பைன் கழுகு (உயிரியல் பெயர்: பித்தெகோபாகா ஜெஃப்ரியை) என்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் மழைக்காடுகளில் மட்டுமே வாழும் ஒரு பெரிய கொன்றுண்ணிப் பறவை ஆகும். உலகில் இன்று வாழும் கழுகுகளுள் மிக நீளமானவற்றில் இதுவும் ஒன்று. லூசோன், சாமர், லெய்ட்டே, மின்டனாவோ ஆகிய நான்கு தீவுகளிலிருந்து இது அறியப்பட்டுள்ளது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை மிக அருகிய இனமாக வகைப்படுத்தியுள்ளது.

தோற்றம்

வளர்ந்த பறவை 86 முதல் 102 செ.மீ வரை நீளமுடையது. இறக்கைகளை விரித்த நிலையில் அகலம் ஏறத்தாழ 2 மீட்டர் ஆகும். எடை 4.5 முதல் 8 கிலோகிராம் வரை இருக்கும். பெண் பறவை ஆணைவிடப் பெரியது. முதுகுப்புறம் பழுப்பு நிறமாகவும் வயிற்றுப்புறம் வெண்மையாகவும் காணப்படும். தலையின் பின்புறம் உள்ள நீண்ட இறகுகள் சிலிர்த்து எழும்போது சிங்கத்தின் பிடரி மயிர் போலத் தோன்றும். கண்கள் நீலச் சாம்பல் நிறமுடையவை.

கண்டறிதலும் பெயரும்

இப்பறவை உருவில் பெரியதாயினும் அடர்ந்த காட்டினுள் மறைந்து வாழ்வதால் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அறிவியல் உலகிற்குத் தெரியாமல் இருந்தது. 1896இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் வைட்ஹெட் சாமர் தீவில் இதன் மாதிரி ஒன்றைப் பெற்றார். அதனை ஆராய்ந்த ஒகில்வி கிராண்ட் புதிய பேரினமாக விவரித்தார். பேரினப் பெயருக்குக் கிரேக்க மொழியில் 'குரங்குண்ணி' என்பது பொருள். இனப்பெயர் வைட்ஹெட்டின் தந்தையான ஜெஃப்ரியின் நினைவாக இடப்பட்டது. 'குரங்குண்ணும் கழுகு' என்று வழங்கப்பட்டு வந்த இப்பறவைக்கு 1978இல் அந்நாட்டு அரசு 'பிலிப்பைன் கழுகு' எனப் பெயர் மாற்றியது. 1995இல் இது தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது.

தென் அமெரிக்காவின் ஹார்ப்பி கழுகுக்கு நெருங்கிய உறவாக இது முன்னர் கருதப்பட்டது. எனினும் 2005இல் வெளியான மரபணு ஆய்வு, இது பாம்புக் கழுகுகளின் கிளையைச் சேர்ந்தது எனக் காட்டியது.

உணவு

குரங்குகள் இதன் உணவில் ஒரு பகுதி மட்டுமே. பறக்கும் லெமூர், மரநாய், பறக்கும் அணில், இருவாச்சி, பாம்பு, உடும்பு முதலியவற்றையும் இது வேட்டையாடுகிறது. மலைச்சரிவின் உயரமான மரத்தில் தொடங்கி, மரத்திற்கு மரம் தாவியவாறு கீழ்நோக்கி இரை தேடுவது இதன் வழக்கம். சில வேளைகளில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வேட்டையாடும். ஒன்று குரங்குக் கூட்டத்தின் கவனத்தைத் திருப்ப, மற்றொன்று பின்புறமிருந்து தாக்கும்.

இனப்பெருக்கம்

உயர்ந்த மரங்களின் மேற்பகுதியில் குச்சிகளால் பெரிய கூடு கட்டும். ஒரு முறைக்கு ஒரு முட்டை மட்டுமே இடும். பெற்றோர் இருவரும் ஏறத்தாழ இரண்டு மாதம் அடைகாப்பர். குஞ்சு நான்கைந்து மாதங்களில் கூட்டை விட்டு வெளியேறினாலும் அதன்பின்னரும் ஓராண்டுக்கு மேல் பெற்றோரைச் சார்ந்தே வாழும். ஆகையால் ஓர் இணை பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு குஞ்சை மட்டுமே வளர்க்க முடிகிறது. பெண் ஏறத்தாழ 5 வயதிலும் ஆண் 7 வயதிலும் இனப்பெருக்கத்திற்குத் தகுதி அடைகின்றன. எனவே வளர்ந்த பறவை ஒன்று இறந்தால் அந்த இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும்.

அச்சுறுத்தல்கள்

ஓர் இணைக்கு 4,000 முதல் 11,000 எக்டேர் வரை காடு தேவைப்படுகிறது. மரம் வெட்டுதலாலும் வேளாண்மைக்காகக் காடுகள் அழிக்கப்படுவதாலும் இதன் வாழிடம் சுருங்கியுள்ளது. துப்பாக்கிச் சூடும் பிற விலங்குகளுக்கு வைக்கப்படும் கண்ணிகளும் இதன் உயிரைப் பறிக்கின்றன. 2023இல் வெளியான ஓர் ஆய்வு ஏறத்தாழ 392 இணைகள் இருக்கலாம் என மதிப்பிட்டது.

பாதுகாப்பு

பிலிப்பைன்ஸின் 2001ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி மிக அருகிய இன உயிரினத்தைக் கொல்வோருக்கு 12 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். தாவோ நகரிலுள்ள பிலிப்பைன் கழுகு அறக்கட்டளை இப்பறவைகளைக் காப்பகத்தில் வளர்த்து வருகிறது. அங்கு 1992இல் பொரித்த முதல் குஞ்சுக்கு 'நம்பிக்கை' எனப் பொருள்படும் 'பாக்-அசா' என்ற பெயர் இடப்பட்டது. அது 2021இல் இறந்தது.

காப்பகத்தில் பிறந்த பறவைகளுள் முதன்முதலாக ஒன்று 2004இல் காட்டில் விடப்பட்டது. அடுத்த ஆண்டே மின்சாரம் தாக்கி அது இறந்தது. காயத்திலிருந்து குணப்படுத்தப்பட்டு 2008இல் விடுவிக்கப்பட்ட மற்றொரு கழுகு சில மாதங்களில் சுட்டுக் கொல்லப்பட்டது. இதனால் காப்பக இனப்பெருக்கத்துடன், எஞ்சியுள்ள காடுகளைக் காப்பதும், காட்டை ஒட்டி வாழும் மக்களின் ஒத்துழைப்பைப் பெறுவதும் இன்றியமையாதனவாகக் கருதப்படுகின்றன.