ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டியோடினல் டைவர்ட்டிகுலம்'னு இருக்கா? பயம் வேண்டாம்... ஆனா, கவனம் தேவை!

வயிற்றுவலினு அப்பாவுக்கு ஸ்கேன் எடுக்குறோம். டாக்டரைப் பார்க்குறதுக்கு முன்னாடியே, ரிப்போர்ட்ல இருக்குற ஒவ்வொரு வார்த்தையையும் மொபைல்ல தேட ஆரம்பிச்சிடுறோம். அப்படித் தேடுறப்போ பதற வைக்கிற ஒரு வார்த்தைதான், 'டியோடினல் டைவர்ட்டிகுலம்'. கட்டியா, புற்றுநோயானு மனசு எங்கெங்கேயோ போகும். உண்மையில் அது குடல்சுவரில் உருவான ஒரு சின்னப் பை. அது எங்கே இருக்கு என்பதுதான் விஷயமே.

பை எப்படி உருவாகுது?

இரைப்பையை அடுத்து வர்ற, சிறுகுடலின் முதல் பகுதிதான் டியோடினம். தமிழில் முன்சிறுகுடல். சுமார் 25 செ.மீ நீளம் இருக்கும். குடல்சுவரின் தசையில் ரத்தக்குழாய்களும் நாளங்களும் நுழையுற இடங்கள் கொஞ்சம் பலவீனமானவை. வயசாக ஆக, அந்த இடத்தில் உட்சவ்வு வெளிப்பக்கமாகப் பிதுங்கி, பை மாதிரி ஆகிடுது. தேய்ஞ்ச சைக்கிள் டயரில் ட்யூப் புடைச்சுக்கிட்டு வருமே, அந்த மாதிரி!

40 வயசுக்குக் கீழே இது அரிது. பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. வேற எதுக்கோ ஸ்கேனோ எண்டோஸ்கோப்பியோ எடுக்கும்போது தற்செயலாகத்தான் தெரியவரும்.

பித்தக்குழாய்க்கு என்ன சம்பந்தம்?

கல்லீரலில் இருந்து பித்தநீரும், கணையத்தில் இருந்து கணையநீரும் முன்சிறுகுடலுக்குள் வந்து சேர்ற வாசல் பெரும்பாலும் ஒண்ணுதான். அந்த வாசலைத் திறந்து மூடுற தசைக்குப் பேர், 'ஒடி சுருக்குத்தசை'. 1887-ல் ருஜெரோ ஒடி என்ற இத்தாலிய இளைஞர், மருத்துவ மாணவராக இருந்தப்பவே இதை விவரிச்சார்.

பிரச்னை என்னன்னா, முன்சிறுகுடலில் வர்ற பைகளில் பெரும்பாலானவை இந்த வாசலுக்கு 2, 3 செ.மீ தூரத்துக்குள்தான் வரும். அதனால மூணு விதமான சிக்கல் வரலாம்.

* பை வீங்கியோ, உள்ளே உணவு தேங்கியோ பித்தக்குழாயை அழுத்தலாம். கல்லே இல்லாம காமாலை வரும். 1934-ல் இதை விவரிச்சவர் லெம்மெல். அதனால் 'லெம்மெல் சிண்ட்ரோம்'னு பேர்.

* சுருக்குத்தசை சரியா வேலை செய்யாம, குடல் கிருமிகள் பித்தக்குழாய்க்குள் ஏறலாம்.

* அந்தக் கிருமிகளின் நொதிகள் பித்தநீரை மாற்றி, பழுப்பு நிறக் கற்களை உருவாக்கலாம். பித்தப்பையை ஆபரேஷன் பண்ணி எடுத்தவங்களுக்கும் குழாயில் திரும்பக் கல் வர்றதுக்கு இது ஒரு காரணம்.

வாசல் அடைபட்டா கணையநீரும் தேங்கி, கணைய அழற்சி வரலாம். ஆனா, பித்தக்குழாய்க் கல்லோடு இருக்குற அளவுக்கு இந்தத் தொடர்பு உறுதியானதில்லை.

எப்போ ஓடணும்?

காமாலைன்னா கீழாநெல்லி, பத்தியம்னு வீட்டிலேயே நாளைக் கடத்துறது நம்ம ஊர் வழக்கம். எல்லா காமாலையும் வைரஸால் வர்றதில்லை. கண் மஞ்சளாகுறது, குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், வலது மேல்வயிற்றில் வலி... இந்த மூணும் சேர்ந்து வந்தா பித்தக்குழாயில் கிருமித்தொற்றா இருக்கலாம். சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகலாம். அன்னிக்கே மருத்துவமனைக்குப் போயிடணும். மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து முதுகுக்குப் பரவினாலும் அப்படியே.

சிகிச்சை என்ன?

தொந்தரவு இல்லைன்னா சிகிச்சையே தேவையில்லை. இந்தப் பையைக் கரைக்க மாத்திரையோ டயட்டோ கிடையாது. குழாயில் கல்லோ அடைப்போ இருந்தா, இ.ஆர்.சி.பி என்ற எண்டோஸ்கோப்பி முறையில், வயிற்றைத் திறக்காமலே வாசலை அகலப்படுத்திக் கல்லை எடுப்பாங்க. பைக்கே ஆபரேஷன் தேவைப்படுறது அபூர்வம்.

இதில் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கு. சில நேரம் நீர் நிறைஞ்ச பை, சி.டி ஸ்கேனில் கணையத்தில் நீர்க்கட்டி மாதிரி தெரியும். பை இருந்தா, இ.ஆர்.சி.பி செய்யும்போது வாசலைக் கண்டுபிடிக்குறதும் சிரமமாகலாம். அதனால், பழைய ரிப்போர்ட்டை மொபைல்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அடுத்தமுறை வேற டாக்டர்கிட்ட போனாலும், "அப்பாவுக்கு முன்சிறுகுடல்ல பை இருக்கு"ன்னு முதல்லயே சொல்லிடுங்க. அந்த ஒரு வரி, தேவையில்லாத பதற்றத்தையும் குறைக்கும். சிகிச்சையையும் சரியான திசையில் கொண்டுபோகும்!