நோய் வரைபடமும் அண்டைமையும்: ஸ்காட்லாந்து உதட்டுப் புற்றுநோய்த் தரவை முன்வைத்து

இடஞ்சார் புள்ளியியல் மாதிரியாக்கம் மருத்துவ ஆய்வில் இரு பணிகளை ஏற்கிறது. நோய் எங்கு மிகுந்துள்ளது என மதிப்பிடுதல் ஒன்று. அம்மிகுதி எக்காரணியோடு தொடர்புடையது எனக் காணுதல் மற்றொன்று. ஒரே மாதிரி இவ்விரண்டையும் செய்யும்போது எழும் சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது.

டேவிட் கிளேட்டன், ஜான் கால்டோர் ஆகியோர் 1987இல் கையாண்ட தரவு இதற்குப் பொருத்தமான சான்றாகும். ஸ்காட்லாந்தின் 56 மாவட்டங்களில் 1975 முதல் 1980 வரை ஆண்களிடையே பதிவான உதட்டுப் புற்றுநோய் எண்ணிக்கையை அது தருகிறது. வயதமைப்பைக் கருதி ஒவ்வொரு மாவட்டத்திற்கும் எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை கணிக்கப்பட்டுள்ளது. ஸ்கை-லோக்கால்ஷில் எதிர்பார்க்கப்பட்டது 1.4, பதிவானது 9. கிளாஸ்கோவில் எதிர்பார்க்கப்பட்டது 88.7; பதிவானது 28. முதலாவது ஆறு மடங்குக்கு மேல், இரண்டாவது மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆயினும் இவ்விரு விகிதங்களும் ஒரே அளவு நம்பத்தக்கவை அல்ல. ஒரு நோயாளி கூடினால் ஸ்கையின் விகிதம் ஏறத்தாழ 0.7 உயரும், கிளாஸ்கோவினது 0.01 அளவே உயரும். இரு மாவட்டங்களில் ஒருவர்கூடப் பதிவாகவில்லை. அங்கு நோய் இடரே இல்லை என எவரும் கூறார். நேரடி விகிதத்தை வண்ணமிட்டு வரைந்தால், மக்கள்தொகை குறைந்த பகுதிகளே இரு முனைகளிலும் கண்ணைக் கவரும்.

இக்குறையைப் போக்க, மாவட்டங்கள் தம்முள் வலிமையைக் கடன் பெறுகின்றன. பெசாக், யார்க், மோலியே ஆகியோர் 1991இல் முன்வைத்த பேய்சிய மாதிரியில், இடரின் மடக்கை இரு தற்செயல் விளைவுகளைக் கொண்டிருக்கும். ஒன்று அண்டை மாவட்டங்களின் சராசரியை நோக்கி மதிப்பீட்டை ஈர்ப்பது. மற்றொன்று அந்தந்த மாவட்டத்திற்கே உரியது. எண்ணிக்கை சிறிதாயின் ஈர்ப்பு மிகும். பெரிதாயின் தரவே மேலோங்கும். எவை அண்டை மாவட்டங்கள் என்பதைத் தரவு சொல்வதில்லை, ஆய்வாளரே வரையறுக்கிறார். பொது எல்லையை அளவுகோலாகக் கொண்டால் ஆர்க்னி, ஷெட்லாந்து, மேற்குத் தீவுகள் ஆகியவற்றிற்கு அண்டையே இல்லை. பல கட்டுரைகள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவது பொருத்தமன்று.

காரணி குறித்த வினா இதனினும் கடினமானது. வேளாண்மை, மீன்பிடிப்பு, வனத்தொழில் ஆகியவற்றில் ஈடுபட்டோரின் விழுக்காடு, வெயிலில் பணிபுரிதலுக்கான மறைமுக அளவாக இத்தரவில் இடம்பெறுகிறது. அது கூடிய மாவட்டங்களில் நோயும் கூடுகிறது. ஆனால் அண்டை விளைவைச் சேர்த்தவுடன் அக்காரணியின் கெழு குறைகிறது. தொழிலமைப்பும் நிலப்பரப்பில் திரளாகவே பரவியுள்ளது; ஆகவே காரணி விளக்கவேண்டிய வேறுபாட்டின் ஒரு பகுதியை அண்டை விளைவு எடுத்துக்கொள்கிறது. இது இடஞ்சார் குழப்பம் எனப்படும். சுலோவேனியாவின் இரைப்பைப் புற்றுநோய்த் தரவில் இந்நிலை இன்னும் கடுமையாக வெளிப்பட்டது. சமூகப் பொருளாதார நிலைக்கும் நோய்க்கும் இடையே தெளிவாகத் தெரிந்த தொடர்பு, அண்டை விளைவு சேர்ந்ததும் ஏறக்குறைய மறைந்ததை ரைக், ஹாட்ஜஸ், சாட்னிக் ஆகியோர் 2006இல் காட்டினர்.

எம்மதிப்பீடு சரி என்பதற்குப் பொது விடை இல்லை. அளவிடப்படாத வேறொரு காரணி அந்நிலப்பரப்பில் உண்டெனில், கெழு குறைவது முறையான எச்சரிக்கையே. இல்லையெனில் உண்மைத் தொடர்பு மறைக்கப்படுகிறது. எனவே அண்டை விளைவு உள்ள மாதிரி, இல்லாத மாதிரி ஆகிய இரண்டின் கெழுக்களையும், அண்டைமை வரையறையையும் சேர்த்தே வெளியிடுதல் வேண்டும். ஒன்று மட்டும் அச்சேறும்போது, சுகாதாரத் திட்டம் வகுப்போர் வறுமையைக் காரணியாகக் கொள்வதும் விடுவதும் ஆய்வாளரின் மாதிரித் தேர்வால் முடிவாகிவிடுகிறது.