பயராபீஸ் தெரியுமா?

விருதுநகரை அடுத்த சூலக்கரைப் பக்கம், காலையில் தூக்குச் சட்டியுடன் விரையும் ஒரு பெண்மணியை, "எங்கேம்மா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆபீஸுக்குத்தான்!" என்பார். உடனே மேஜை, மின்விசிறி, பைல் கட்டு என்று உங்கள் கற்பனையை ஓடவிட்டுவிடாதீர்கள். "எந்த ஆபீஸ்?" என்றால், "பயராபீஸ்" என்று பதில் வரும். பட்டணத்துக் காதுக்கு இது தீயணைப்பு நிலையம் போலத் தொனிக்கும். விஷயமோ நேர் எதிர்! பட்டாசுத் தொழிற்சாலைக்குத்தான் இந்த வட்டாரத்தில் அந்தப் பெயர்.

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து, சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். அந்தத் தொழிற்சாலையும் மக்கள் வாயில் 'தீப்பெட்டி ஆபீஸ்'தான். நாம் மட்டும் என்ன, அச்சகத்தை 'அச்சாபீஸ்' என்று சொன்னவர்கள்தானே!

ஆபீஸ் என்ற சொல்லின் தாய்வீடு லத்தீன். 'வேலை', 'செய்தல்' என்ற இரண்டும் கூடிப் பிறந்த வார்த்தை அது. அப்படிப் பார்த்தால், பைல் புரட்டுகிறவர்களைவிட, வெடிக்குத் திரி செருகுகிற பெண்களுக்கே அது அதிகம் பொருந்தும்.

இந்த ஆபீஸுக்கு நைலான் புடைவை ஆகாது. பருத்திதான் உடுத்த வேண்டும். செயற்கை நூலின் உராய்வில் பிறக்கும் சின்ன மின்பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ள. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாதென்றும் விதி உண்டு. எல்லா இடத்திலும் அதை மதிக்கிறார்களா என்பது வேறு கதை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் 30 பேருக்கு மேல் மாண்டார்கள்.

"ஆபீஸ் விட்டாச்சா?" என்று மாலையில் நம் வீட்டிலும் கேட்கிறோம். அங்கே அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பயத்தோடு கேட்கிறார்கள்.