பந்து பிடிப்பதில் மன்னர் யார்?

2013-ம் ஆண்டு, ஜனவரி மாதம். அமெரிக்காவில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரம். புட்பால் இறுதிப் பந்தயத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. நிருபர்கள் சூழ்ந்து நின்றபோது, ராண்டி மாஸ் என்ற ஆட்டக்காரர் ஒரே போடாகப் போட்டார்.

தன்னைவிடச் சிறந்த ரிசீவர் இதுவரை ஆடியதே இல்லை என்றார்! எண்ணிக்கை பெரிதல்ல, ஆட்டத்தைத் தான் எப்படி மாற்றினோம் என்பதே பெரிது என்பது அவர் வாதம்.

பழைய மன்னர் ஜெர்ரி ரைஸ் சும்மா இருப்பாரா? இருவர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது மாஸ் ஆடிக்கொண்டிருந்தது, ரைஸ் பேர் வாங்கிய அதே சான்பிரான்சிஸ்கோ கோஷ்டியில்தான்!

காலால் உதைக்காத பந்து

அமெரிக்க புட்பால் நம் ஊர் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவாக, இரு முனையும் கூராக இருக்கும். பெரும்பாலும் கையால்தான் ஆட்டம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம். பந்தை எதிரியின் எல்லைக்குள் கொண்டு சேர்த்தால் அது "டச்டவுன்". 6 புள்ளிகள்!

பின்னால் நிற்கும் ஒருவர் பந்தை எறிவார். ஓரத்தில் நிற்கும் "வைட் ரிசீவர்" பாய்ந்து ஓட வேண்டும். காவல் நிற்பவரை ஏய்க்க வேண்டும். பறந்து வரும் பந்தைப் பிடிக்க வேண்டும். பிடித்த மறுகணம், யானை மோதியதுபோல் ஒருவர் வந்து மோதுவார். அப்போதும் பந்து நழுவக் கூடாது.

செங்கல் பிடித்த சிறுவன்

ரைஸ் 1962-ம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். தந்தை கொத்தனார். வீட்டில் 8 பிள்ளைகள். கோடை விடுமுறையில் பிள்ளைகள்தான் தந்தைக்குச் சித்தாள்! சாரத்தின் மேல் ஜெர்ரி நிற்பார். கீழே இருந்து சகோதரர்கள் செங்கல்லை வீசுவார்கள். ஒவ்வொன்றாகப் பிடிப்பார். பந்து பிடிக்கும் கை அங்கேதான் தயாராயிற்று.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுத்தார். உதவித் தலைமை ஆசிரியர் கண்ணில் பட்டார். எடுத்தார் ஓட்டம்! மறுநாள் அடி விழுந்தது. ஆனால் அந்த ஓட்டத்தைப் பார்த்து அசந்துபோன ஆசிரியர், பையனைப் புட்பால் பயிற்சியாளரிடம் அனுப்பிவிட்டார்.

1985-ல் சான்பிரான்சிஸ்கோ கோஷ்டியில் சேர்ந்தார். முதல் வருஷம் பந்துகளைக் கோட்டை விட்டார். சொந்த ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். அதன் பிறகு அவர் செய்த உழைப்பு இருக்கிறதே! ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்று. பாதை இரண்டரை மைல், செங்குத்து. ஓய்வு மாதங்களில் அதில் ஓடி ஓடி ஏறினார். கூட ஓட வந்த இளைஞர்கள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது உண்டு.

பலன்? 20 ஆண்டுகள், 303 ஆட்டங்கள். பிடித்த பந்துகள் 1,549. அவற்றால் முன்னேறிய தூரம் 22,895 கெஜம். அதாவது 13 மைல்! டச்டவுன் 197. அடுத்த இடத்தில் இருக்கும் லாரி பிட்ஸ்ஜெரால்டு 17 ஆண்டுகள் ஆடி எடுத்தது 17,492 கெஜம். 40 வயதான 2002-ம் ஆண்டில்கூட ரைஸ் 1,211 கெஜம் எடுத்தார். அந்த வயதில் பலருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்!

உயரத்தில் பிடிப்பவர்

மாஸ் வேறு ரகம். 6 அடி 4 அங்குலம் உயரம். மான் போன்ற கால். பள்ளிப் பருவத்தில் ஓர் அடிதடி வழக்கில் சிக்கியதால் பல கோஷ்டிகள் அவரைச் சேர்க்கத் தயங்கின. 1998-ல் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, 20 பேர் போன பிறகே மின்னசோட்டா கோஷ்டி அவரை எடுத்தது.

அவரை ஒதுக்கிய கோஷ்டிகளில் டல்லாஸும் ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் டல்லாஸ் மைதானத்துக்கே வந்தார் மாஸ். அன்று பிடித்த பந்துகள் மூன்றே மூன்று. மூன்றும் டச்டவுன்! மொத்தம் 163 கெஜம். பழி வாங்குவது என்றால் இப்படியல்லவா வாங்க வேண்டும்!

கடைசிக் கணக்கில் அவருக்கு 218 ஆட்டம், 982 பந்து, 15,292 கெஜம், 156 டச்டவுன். ரைஸைவிடக் குறைவுதான். ஆனால் ஆட்டக் கணக்கால் வகுத்துப் பார்த்தால் கதை மாறுகிறது. 100 ஆட்டத்துக்கு ரைஸ் 65 டச்டவுன். மாஸ் ஏறக்குறைய 72.

ஒரே ஆண்டில் அதிக டச்டவுன் பிடித்தவரும் மாஸ்தான். 2007-ல் 23. அதற்கு முன் ரைஸ் 1987-ல் எடுத்த 22 சாதனையாக இருந்தது. அடடா, ஒன்றில் தோற்றாரே என்று இரங்க வேண்டாம். மாஸ் ஆடியது 16 ஆட்டம். 1987-ல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் ரைஸ் ஆடியது 12 ஆட்டம்தான்!

மூன்றாவது ஆள்

இருவரும் சண்டை போடட்டும். கிரீன் பே கோஷ்டியின் டான் ஹட்சனை மறந்துவிட முடியுமா? 1935 முதல் 1945 வரை ஆடியவர். அந்தக் காலத்தில் வருஷத்துக்கு 10 முதல் 12 ஆட்டம்தான். ரிசீவரை வழியெல்லாம் இடித்துத் தள்ளலாம். 5 கெஜத்துக்கு அப்பால் இடிக்கக் கூடாது என்ற விதி வந்தது 1978-ல். அப்படியும் ஹட்சன் 116 ஆட்டத்தில் 99 டச்டவுன் பிடித்தார். 100-க்கு 85! 1989 வரை அந்த 99-ஐ யாரும் தாண்டவில்லை.

ஆக, ஒரே ஒரு பந்தை எறிந்து பந்தயத்தை முடிக்க வேண்டுமென்றால் மாஸை அனுப்பலாம். 20 வருஷத்துக்கு நம்பி ஒப்படைக்க ரைஸை விட்டால் ஆள் இல்லை.

ரைஸுக்கு மூன்று முறை சாம்பியன் பட்டம் கிடைத்தது. மாஸுக்கு ஒன்றுகூட இல்லை. 2008 பிப்ரவரியில் நடந்த இறுதிப் பந்தயத்தில், முடிய மூன்று நிமிஷம்கூட இல்லாதபோது, அவர் பிடித்த பந்தால் நியூ இங்கிலாந்து கோஷ்டி முந்தியது. ஆனால் எதிரிகள் திருப்பி அடித்து 17-14 என்று வென்றுவிட்டார்கள். 2013-லும் அதே கதி. சான்பிரான்சிஸ்கோ 34-31 என்று பால்டிமோரிடம் தோற்றது.

ஆனாலும் அமெரிக்கத் தெருக்களில், ஒரு பையன் இன்னொருவன் தலைக்கு மேலே எம்பிப் பந்தைப் பறித்தால், கூட ஆடுகிற பிள்ளைகள் "மாஸ்ட்!" என்று கத்துகிறார்கள்.