காரா? ரெயிலா? தெப்பக்காட்டில் பேச்சுக்கே இடமில்லை!

காரில் போகலாமா, ரெயிலில் போகலாமா என்று பட்டணத்துக்காரர்கள் யோசிக்கலாம். தெப்பக்காட்டுக்காரர்களுக்கு அந்த யோகம் இல்லை. யானை முகாமுக்குப் பேர் போன ஊர். தண்டவாளம்தான் கிடையாது!

ஊட்டிக்கு ரோடு இரண்டு. மசினகுடி, கல்லட்டி வழி குறுக்கு வழி. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவு! கூடலூர் வழி போனால் சுற்று, ஏறக்குறைய இரட்டிப்பு தூரம்.

கல்லட்டியில் ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறி, பிடிக்காமல் போய்விடும். சின்ன கியரில்தான் இறக்கணும். 2018-ல் சென்னையில் இருந்து சுற்றுலா வந்த 7 பேரின் கார் இங்கே பள்ளத்தில் பாய்ந்தது. 5 பேர் பலி. கார் கிடப்பதே 2 நாள் கழித்துத்தான் தெரிந்தது!

ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தால் ரெயில் உண்டு. 1899-ல் குன்னூருக்கும், 1908-ல் ஊட்டிக்கும் வந்த மலை ரெயில். மேட்டுப்பாளையத்தில் இருந்து 46 கிலோ மீட்டர் ஏற சுமார் 5 மணி நேரம்! குன்னூர் வரை பல் சக்கரம் கவ்விக் கவ்வித்தான் ஏறும். அவசரக்காரனுக்கு ஆகாது. மழையில் மண் சரிந்தால் ரெயிலும் ரத்து.

ஆனால் குன்னூரில் வேலை இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கூடலூர் வழியாக பஸ்சில் ஊட்டி. அங்கிருந்து குன்னூருக்கு ரெயில். வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம்.

திரும்புவதற்கு கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் ரோட்டில் யானை நிற்கும். அது ஹாரனுக்கெல்லாம் நகராது!